வசனம் பேசும் மகனுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது மகன் கண்ணாடி முன் நின்று வசனம் பேசுகிறானே என்று கலங்கிப் போயிருந்தீர்கள். சென்ற வாரம் அவனை என் அறையில் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியைப் பேசிக்காட்டச் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் நீண்ட வாக்கியங்களில் பாதியிலேயே மூச்சு தீர்ந்து, வினைமுற்றை விழுங்கிவிட்டான். தமிழில் வாக்கியத்தின் உயிரே அந்தக் கடைசிச் சொல்லில்தானே இருக்கிறது! மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். மறுமுறை குரலை உயர்த்தாமலே பேசினான், எனக்குச் சிலிர்த்துவிட்டது. சொன்னதை உடனே பிடித்துக்கொள்கிறான். மனப்பாடத்தைவிட எனக்கு நம்பிக்கை தந்தது அதுதான்.

1952இல் வந்த அந்தப் படம் சிவாஜி கணேசனுக்கு முதல் படம். ஆனால் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் உட்பட எத்தனையோ வேடம் கட்டிவிட்டுத்தான் அவர் கேமரா முன் நின்றார். கருணாநிதியின் அடுக்குமொழி அவர் நாவில் தடுக்காமல் ஓடியதற்கு அந்த மேடைப் பழக்கமே காரணம் என்பேன்.

இன்றைய படங்களில் யார் அப்படிப் பேசுகிறார்கள் என்று உங்கள் கணவர் கேட்டது நியாயமே. யாரும் பேசுவதில்லை. ஆனாலும் ல, ள, ழ பிசகாத நாக்கும், நீண்ட வாக்கியத்தைத் தாங்கும் மூச்சும் டப்பிங், வானொலி, ஒலிப்புத்தகம் என எங்கு போனாலும் கைகொடுக்கும்.

பட்டப்படிப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பட்டமும் வேண்டும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம். இப்போதைக்குத் தமிழ் இலக்கியம் எடுத்துக்கொண்டு, கல்லூரி நாடகங்களில் நடிக்கட்டும். சினிமா வாய்ப்புக்கு உறுதி தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது.

தேர்வு முடியும்வரை தினமும் இருபது நிமிடம் வசனம் பேசட்டும், தடுக்காதீர்கள். கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு, நீங்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். எந்தச் சொல் உங்கள் காதுக்கு எட்டவில்லையோ, அதை அவனிடம் சொல்லுங்கள்.