'லாம்' என்கிற இரண்டெழுத்து

அன்புள்ள மேடம்,

எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருக்கிறேன். ஒரு அறிவியல் இதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி நாட்களிலிருந்தே அறிவியல் புனைகதை எழுத ஆசை. பகலெல்லாம் அடுத்தவர் எழுத்தில் தப்புத் தேடிக்கொண்டிருந்தால் என் கற்பனை வற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் இரண்டையும் எப்படிச் செய்கிறீர்கள்? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்? என் கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன். செவ்வாயில் வேலை பார்க்கும் மகளும் கரூரில் இருக்கும் அம்மாவும் போனில் பேசிக்கொள்வதுதான் கதை.

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள கரூர்த் தோழிக்கு,

வேலைக்கு வாழ்த்துகள். கதையைப் படித்துவிட்டேன். கடைசியில் அதற்கு வருகிறேன்.

என் நாள் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். ஆறரை வரை கதை. அப்புறம் சமையல், பையனைப் பள்ளிக்கு அனுப்புவது, பத்து மணிக்கு அலுவலகம். அங்கே பெரும்பாலும் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். பில்லியனைக் கோடி என்று எழுதியிருப்பார்கள், நூறு கோடி என்று மாற்றுவேன். நிலவில் பொருளின் நிறை ஆறில் ஒரு பங்காகும் என்று வரும். குறைவது எடைதான், நிறை அப்படியே இருக்கும். வெளிநாட்டுச் செய்தியில் வெப்பநிலை 2.7 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்ந்ததாக இருக்கும். மொழிபெயர்ப்பவர் பள்ளியில் படித்தபடி 32-ஐக் கழித்து, மைனஸ் 16 டிகிரி செல்சியஸ் என்று போட்டுவிடுவார். உயர்வுக்கு 32-ஐக் கழிக்கக் கூடாது, அது 1.5 டிகிரி. இப்படி ஒன்றைப் பிடிக்கிற நாள் எனக்கு நல்ல நாள்.

புதன்கிழமைகளில் வீடு திரும்ப நேரமாகும். 'நேச்சர்' இதழின் கட்டுரைகளைப் பத்திரிகையாளர்களுக்கு முன்கூட்டியே படிக்கக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் லண்டன் நேரம் மாலை 4 மணிவரை வெளியிடக் கூடாது. குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 9.30. அதுவரை ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாள் முழுக்க நான் காவல் காப்பது 'லாம்' என்கிற இரண்டெழுத்தைத்தான். 'இந்த மருந்து புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று கட்டுரை வரும். ஆய்வை எடுத்துப் பார்த்தால் எலிகளில் கட்டி சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். 'மனிதர்களுக்கும் பயன்படலாம், இன்னும் சோதிக்கவில்லை' என்று மாற்றுவேன். எழுதியவர் வருத்தப்படுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படி ஒரு வரியை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒருவர் போன் செய்து, அந்த மருந்து எங்கே கிடைக்கும், அம்மாவுக்கு வேண்டும் என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு 'லாம்' விஷயத்தில் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

விடியற்காலையில் செய்வது இதற்கு நேர்மாறு. பகலில் ஒட்டிய 'லாம்' ஒன்றைப் பிய்த்தெடுக்கிறேன். நடக்கலாம் என்றிருந்தது நடந்துவிட்டது என்றாகும். நடந்துவிட்ட அந்த ஊருக்குள் போய், யார் சமைக்கிறார்கள், யாருக்கு வேலை போயிற்று, கிழவர்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. செப்டம்பர் தொடக்கத்தில் ரோவரையும் லேண்டரையும் உறங்க வைத்தார்கள். நிலவின் இரவு நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள். அந்தக் குளிரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல அவை. ஆனாலும் ரோவரின் சோலார் பேனல் அடுத்த விடியலின் வெளிச்சத்தை வாங்கும்படி அதை நிறுத்தி, ரிசீவரை மட்டும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். எங்களுக்கு வந்த கட்டுரையில் '22-ஆம் தேதி விழித்தெழும்' என்று இருந்தது. 'விழித்தெழலாம்' என்று திருத்தினேன். அது விழிக்கவில்லை.

ஆனால் அந்த ரிசீவர் என் மனதிலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக் காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளை மாதிரி. பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலுவில் விண்கலங்களோடு பேசுவதற்காக 32 மீட்டர் ஆன்டெனா ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஒரு இரவுக் காவலரை உட்கார வைத்து, நான் போட்ட 'லாமை' எடுத்துவிட்டு, பத்து விடியற்காலைகளில் ஒரு கதை எழுதினேன். திருத்தும் வேலை இல்லையென்றால் அந்த வரியை ஒரு முறைக்கு மேல் படித்திருக்கவே மாட்டேன். அதனால் தயங்காமல் வேலையில் சேருங்கள்.

சரி, உங்கள் கதை. அம்மா 'சாப்பிட்டியா?' என்கிறார். மகள் உடனே 'சாப்பிட்டாச்சும்மா' என்கிறாள். இந்த 'உடனே'தான் பிரச்சினை. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில்தான் போகும். செவ்வாய் மிக அருகில் இருக்கும்போதே ஒரு வழிக்கு 3 நிமிடம் ஆகும், மிகத் தொலைவில் 22 நிமிடம். கேள்வி போய்ப் பதில் வர 44 நிமிடம். தயவுசெய்து இதைத் தீர்க்க ஒரு புதுக் கருவியைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அந்த 44 நிமிடம் அம்மா என்ன செய்வார்? குழம்பை இறக்கி வைப்பாரா, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாரா? மகள் என்ன கேட்பாள் என்று ஊகித்து, பதில்களை முன்கூட்டியே அனுப்பப் பழகியிருப்பாரா?

இன்னொன்று. சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை, நம் பார்வையில் செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். சூரியனைச் சுற்றியுள்ள சூடான வாயு சிக்னலைக் குலைக்கும் என்பதால், அங்கிருக்கும் விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே சுமார் இரண்டு வாரம் நிறுத்திவைப்பார்கள். உங்கள் கதையின் அம்மாவுக்கும் அந்த இரண்டு வாரம் வரும். கரூர் வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதிகளை எப்படிக் குறித்து வைத்திருப்பார்? முந்தின இரவு கடைசியாக என்ன சொல்லி அனுப்புவார்? அந்த இரவை எழுதி அனுப்புங்கள். புதன்கிழமை தவிர எந்த நாளில் வந்தாலும் அன்றே படித்துவிடுவேன்.

அன்புடன்.