வழக்கு இரட்டிப்பானால் போதையும் இரட்டிப்பா?

கேள்வி: எங்கள் மாநகரில் போதை வழக்குகள் ஓராண்டில் இரு மடங்காகிவிட்டதாகச் செய்தி வந்தது. அடுக்குமாடியின் கழிவுநீரைச் சோதித்து, 'எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்' என்று சொல்வதாக ஒரு நிறுவனம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: கொடுக்காதீர்கள்.

முதலில் அந்தச் செய்தி. வழக்கு எண்ணிக்கை காட்டுவது போலீஸ் எவ்வளவு தேடியது என்பதைத்தான். தனிப்படை போட்டால் ஏறும். அதே ஆட்களை பந்தோபஸ்துக்கு அனுப்பினால் இறங்கும்.

கழிவுநீர்ச் சோதனை பொய்யல்ல. உடலுக்குள் போன கொக்கெய்ன் வேறொரு பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதை அளந்து பயன்பாட்டைக் கணிக்கலாம் என்று 2005இல் இத்தாலியின் போ ஆற்றில் காட்டினார்கள். ஆனால் முறையாகச் செய்வது ஊர்க் கழிவுநீர் முழுவதும் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில். 24 மணி நேரமும் விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து, குளிரில் வைத்து, ஒரு வாரம் தொடர வேண்டும். வார இறுதியில் கொக்கெய்ன் எகிறும். செவ்வாய்க்கிழமை மட்டும் எடுத்தால் ஊரே உத்தமம்.

கிடைக்கும் விடை 'ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இத்தனை மில்லிகிராம்'. தலைக்கணக்கு வராது. ஒருவர் பத்து முறை எடுத்தாரா, பத்துப் பேர் ஒருமுறை எடுத்தார்களா என்பது தண்ணீருக்குத் தெரியாது. உடலில் மாறாமலே வெளியேறும் போதைப்பொருளாக இருந்தால், யாராவது பயந்துபோய்ப் பொட்டலத்தைக் கழிப்பறையில் கொட்டினாலும் அளவு கூரையைத் தொடும்.

ஹெராயினில் இன்னொரு வில்லங்கம். அது உடலில் மார்ஃபினாக மாறுகிறது. புற்றுநோய் வலிக்குக் கொடுப்பதும் மார்ஃபின்தான். இருமல் மருந்தில் வரும் கோடீனும் ஓரளவு மார்ஃபினாகிறது. ஹெராயினுக்கே உரிய இடைப்பொருள் ஒன்று உண்டு. அதுவோ குழாயில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே மருந்தாக எவ்வளவு செலவானது என்ற கணக்கை வாங்கிக் கழிக்காமல், 'மார்ஃபின் இருக்கிறது, ஹெராயின் புழங்குகிறது' என்று எழுதித் தந்தால் அந்த அறிக்கையைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் மாடியில் படுத்திருக்கும் நோயாளி ஒருவர் போதும், கட்டடமே கெட்ட பெயர் வாங்க. அந்த மருந்துக் கணக்கு ஒரு துறையிடம், ஆஸ்பத்திரிப் பதிவு ஒரு துறையிடம், கழிவுநீர் இன்னொரு துறையிடம். மூன்றையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள், கோப்பு சுற்றும், நம் தலையும் சுற்றும்!

நண்பகலில் மேன்ஹோலைத் திறந்து ஒரு பாட்டில் மொண்டு போகிறவர்தான் அடுத்த வாரம் சிறுநீர்ச் சோதனை கிட் விற்க வருவார், ஜாக்கிரதை. பாட்டிலில் கிடைத்த அளவை நாள் முழுதும் ஓடும் நீரால் பெருக்கினால்தான் விடை வரும். ஆகவே நாளொன்றுக்கு ஓடும் நீர் எத்தனை லிட்டர், எதைக் கொண்டு அளப்பீர்கள் என்று கேளுங்கள். ஓட்டத்தை அளக்கும் மீட்டரின் பேச்சே வராவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.