லேபிள் இல்லாத டின்னில் என்ன இருக்கிறது? தொழிலாளி கேட்டால் சொல்லியாக வேண்டும்

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிரம்மில் வரும் சொல்யூஷனை லேபிள் இல்லாத சின்ன டின்களில் ஊற்றித் தருகிறார்கள். சில மாதங்களாக விரல் நுனியும் பாதமும் மரத்துப் போகின்றன, சாயங்காலமானால் தலைவலி. அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால், “அது கம்பெனி ரகசியம், இது கெமிக்கல் ஃபேக்டரி இல்லை” என்கிறார் சூப்பர்வைசர். நான் கேட்கவே கூடாதா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் வாயால் கேட்டது போதும். இனி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய ஆவணம் பாதுகாப்புத் தரவுத் தாள்; ஒரு பொருளில் என்ன ரசாயனம் இருக்கிறது, அது என்ன தீங்கு செய்யும் என்று சொல்லும் தாள் அது. ஸ்டோரில் எம்.எஸ்.டி.எஸ். அல்லது எஸ்.டி.எஸ். என்றால் தெரியும்.

சூப்பர்வைசர் சொல்லும் காரணத்தை முதலில் பார்ப்போம். போபால் விஷவாயுக் கோரத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான செய்முறை நடக்கும் தொழிற்சாலை, ரசாயனங்களின் தீங்கைத் தொழிலாளிகளுக்குத் தானாகவே தெரிவிக்க வேண்டும் என்றது அது. அதற்கான பட்டியலில் தோல் பதனிடுதல் உண்டு. ஷூ தயாரிப்பு அந்தப் பெயரில் இல்லை. ‘எளிதில் தீப்பற்றும் திரவங்கள்’ என்ற இனம் இருப்பதால் நாம் வாதாட இடமுண்டு. ஆனாலும் அந்த வாதத்தில் இறங்கி மாதங்களை இழக்காதீர்கள். பட்டியலைச் சாராத இரண்டு வழிகள் இருக்கின்றன.

தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020இன் 14ஆவது பிரிவு முதல் வழி. தன் பாதுகாப்பு, உடல்நலம் தொடர்பான தகவலை முதலாளியிடம் பெற ஒவ்வொரு ஊழியருக்கும் அது உரிமை தருகிறது. இரண்டாவது, அபாயகர ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989இன் 17ஆவது விதி. இது சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்தது. தொழிலாளர் சட்டங்கள் மாறியதால் இதற்கு ஒன்றும் ஆகவில்லை. தரவுத் தாளை வாங்கி வைக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும், கொள்கலனில் லேபிள் இருக்க வேண்டும் என்கிறது. ஒட்டும் பசைகளில் கரைப்பானாக வரும் எக்சேனும் டொலுவீனும் எளிதில் தீப்பற்றும் என்பதாலேயே இந்த விதிக்குள் வந்துவிடும்.

பெரும்பாலான கடிதங்கள் தோற்பது ஒரே இடத்தில்தான். “நாங்கள் பயன்படுத்தும் கெமிக்கல்களின் விவரம் தேவை” என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். டிரம் மேல் உள்ள வணிகப் பெயர், பேட்ச் எண், தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் அனுமதி இல்லையென்றால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். ஒட்டும் பசை, பிரைமர், ஹார்டனர், துடைக்கும் தின்னர் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஹார்டனரை மறந்துவிடுவார்கள், அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருந்தால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோகும். உங்கள் டோக்கன் எண், பிரிவு, தேதி எழுதி, நிர்வாகத்துக்கு ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கான்ட்ராக்ட்டில் இருந்தால் கான்ட்ராக்டருக்கும் ஒரு பிரதி.

தாள் கைக்கு வந்ததும் கலவைப் பகுதிக்குப் போங்கள்; 16 பகுதி கொண்ட தாள்களில் அது 3ஆவது. பெயரை நம்பாமல், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான சி.ஏ.எஸ். எண்ணைப் பாருங்கள். என்-எக்சேன் 110-54-3, டொலுவீன் 108-88-3, பென்சீன் 71-43-2. “பெட்ரோலிய கரைப்பான், 64742-49-0” என்று மட்டும் இருந்தால் நின்றுவிடாதீர்கள். அதற்குள்ளும் எக்சேன் இருக்கலாம். “இதில் என்-எக்சேன் எத்தனை சதவீதம்?” என்று அடுத்த கடிதம் போடுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விரலும் பாதமும் மரத்துப்போவது எக்சேன் நரம்பைத் தாக்கும்போது தெரியும் அடையாளம். எம்.இ.கே. எனப்படும் கரைப்பானும் சேர்ந்திருந்தால் பாதிப்பு கூடும்.

அதனால் தாள் வரும்வரை மருத்துவரைப் பார்க்காமல் இருக்காதீர்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வேலை விவரத்தைச் சொல்லி, ஓ.பி. சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் தொழில்நோய்ப் பலன் கேட்க நேர்ந்தால் அந்த ஒரு வரி பெரிய சாட்சி. நரம்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை பற்றிக் கேளுங்கள். எக்சேனுக்கான சிறுநீர்ச் சோதனையை வாரக் கடைசி வேலைநாளில் ஷிஃப்ட் முடிந்ததும் எடுக்க வேண்டும். லீவு போட்டுவிட்டு எடுத்தால் ஒன்றும் தெரியாது. வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் மரப்பு கூடக்கூடும், பயந்துவிடாதீர்கள். தின்னரால் கை கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது.

நிர்வாகம் பதில் தராவிட்டால், கடித நகலோடு உங்கள் மாவட்டத்துக்கான தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இணை இயக்குநருக்குப் புகார் அனுப்புங்கள். லேபிள் இல்லாத டின்களையும், மேசையில் ஆவியை உறிஞ்சும் வசதி இல்லையென்றால் அதையும் குறிப்பிட்டு, உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி தெளிவாகக் கேளுங்கள். அப்புறமும் அசைவில்லை என்றால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில், உங்கள் புகாரின் மீது எடுத்த நடவடிக்கையையும் ஆய்வு அறிக்கையின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.