பூக்காத எலுமிச்சை

கேள்வி: எங்கள் வீட்டுப் பொடக்காலியில் விதை போட்டு வளர்த்த எலுமிச்சை மரத்துக்கு ஆறு வயதாகிறது. ஆண்டுதோறும் சாணமும் யூரியாவும் இடுகிறோம். பாத்திரம் கழுவும் நீரும் அதற்கே பாய்கிறது. தழை அடர்ந்திருந்தும் ஒரு காய்கூட இல்லை. வெட்டிவிடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். பதியன் கன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கக்கூடும் என்றாலும், விதைக்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் பிடிப்பது இயல்பே. உங்கள் மரத்துக்குக் குறை பசியன்று, மிகுதியான ஊட்டம் என்றே நினைக்கிறேன். யூரியா தரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஓயாத ஈரமும் சேர்ந்தால் மரம் துளிர்விட்டுக்கொண்டே இருக்குமே தவிர, பூக்க முனையாது. யூரியாவை இவ்வாண்டு நிறுத்திவிட்டு, கழுவுநீரை வேறு பக்கம் திருப்பி, தண்டைச் சுற்றி மண்ணை அணைத்துவிடுங்கள். அடித்தண்டில் நீர் தேங்கினால் பட்டை அழுகிப் பிசின் வடியும். மழையற்ற காலத்தில், இலை இலேசாக வாடும் வரை சில வாரங்கள் நீரை நிறுத்தி, பின்னர் தொழுவுரம் இட்டுப் படிப்படியாக நீரைக் கூட்டினால், புதுத்துளிரோடு மொட்டும் வரும். பூத்தபின் காயவிடுவதும் ஒரேயடியாக நனைப்பதும் கூடாது, பிஞ்சுகள் கொட்டிவிடும்.

நம் கொங்குச் சீமையில் பல இடங்களில் மண் சுண்ணாம்புத்தன்மை உடையது என்பதால், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை சிறுத்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறையே. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டுடன் 2.5 கிராம் சுண்ணாம்பும் கலந்து, இளந்துளிரில் மாலை வேளையில் தெளியுங்கள். மரத்துக்கு நாளில் பாதிப்பொழுதேனும் நேர்வெயில் விழுகிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்துத் தென்னையோ வேம்போ மறைத்தால் மற்ற எல்லா முயற்சியும் அரைப்பலனே தரும்.