மறைக்கிற ஆப்புக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: கூட்டுக் குடும்பம். என் போனை வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், பின் நம்பர் எல்லோருக்கும் தெரியும். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். முடிவாகும்வரை வீட்டில் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆனால் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று போனே கணக்குக் காட்டுகிறது. அதை மறைத்துத் தருவதாக ஒரு ஆப் விளம்பரம் வந்தது. மூன்று நாள் இலவசம், அப்புறம் வருடத்துக்கு 1,499 ரூபாய். வாங்கலாமா? என்னுடையது ஆண்ட்ராய்டு.
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். வெளியிலிருந்து வரும் ஒரு ஆப், ஆண்ட்ராய்டு எழுதி வைத்திருக்கும் பயன்பாட்டுக் கணக்கை அழிக்க முடியாது. அந்த ஆப்பால் முடிந்தது, நீங்கள் அனுமதி கொடுத்தால் அந்தக் கணக்கைப் படிப்பதுதான். இந்த மாதிரி ஆப்கள் பெரும்பாலும் ஐகானை மறைக்கும், மேலே ஒரு பூட்டுப் போடும். அதற்கே ‘யூசேஜ் ஆக்சஸ்’, அதாவது அந்தக் கணக்கைப் படிக்கும் அனுமதி, கேட்கும். சிலது திரையில் இருப்பதையே படிக்கக்கூடிய ‘ஆக்சசிபிலிட்டி’ அனுமதியும் கேட்கும். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்ததை முகம் தெரியாத ஒரு கம்பெனிக்குக் காட்ட 1,499 ரூபாயா?

போனிலேயே இருப்பதை வைத்துச் செய்யுங்கள். செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ போய், மூன்று புள்ளி மெனுவில் தரவு நிர்வாகம் என்பதைத் திறந்தால் தினசரிப் பயன்பாட்டுக் கணக்கை நிறுத்தலாம். கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும். ஆனால் இதோடு முடியவில்லை. பேட்டரி பக்கத்திலும் மொபைல் டேட்டா பக்கத்திலும் ஆப் பெயர் வரும், அவற்றை நிறுத்த வழியில்லை. கூகுள் கணக்கின் ‘மை ஆக்டிவிட்டி’யிலும் பதிவு இருக்கும். அதை நிறுத்தலாம், அல்லது 3 மாதத்துக்கு மேற்பட்டது தானாக அழியும்படி வைக்கலாம்.

உண்மையில் உங்கள் சிக்கல் அந்தக் கணக்கு இல்லை, ஊருக்கே தெரிந்த பின் நம்பர். அதை மாற்றினால் வேலை முடிந்தது. மாற்றினால் வீட்டில் ‘என்ன புதுசா பூட்டு?’ என்று கேள்வி வரும் என்றால், தனிப் பூட்டு உள்ள இடம் வேண்டும். சாம்சங்கில் ‘செக்யூர் ஃபோல்டர்’ இருக்கிறது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 முதல் ‘பிரைவேட் ஸ்பேஸ்’ என்று ஒன்று உண்டு, எல்லாக் கம்பெனியும் கொடுப்பதில்லை. அதில் வேறு பின் நம்பர் வையுங்கள். பிரைவேட் ஸ்பேஸ் பூட்டியிருக்கும்போது உள்ளே இருக்கும் ஆப்கள், சமீபத்தில் திறந்தவற்றைக் காட்டும் ரீசன்ட்ஸ் பட்டியலில் வராது, நோட்டிஃபிகேஷனும் வராது. உள்ளே தனியாக ஒரு கூகுள் கணக்கு போடுங்கள். பழைய கணக்கையே போட்டால் மறைத்ததில் பாதி வெளியே வந்து நிற்கும்.

போனில் இரண்டுமே இல்லை என்றால் வேலை தேடும் ஆப்பை எடுத்துவிட்டு, அந்த வேலைத் தளத்தைக் குரோமின் இன்காக்னிட்டோவில், அதாவது பார்த்த பக்கங்களைச் சேமிக்காத முறையில், பாருங்கள். கணக்கில் ‘குரோம்’ என்று மட்டும்தான் விழும். பார்த்து முடித்ததும் டேபை மூடிவிடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு ஒன்றை மறந்துவிடுவார்கள். வேலைத் தளங்கள் எஸ்எம்எஸ், மெயில், வாட்ஸ்அப் என்று விடாமல் அனுப்பும். ‘உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தார்கள்’ என்ற ஒரு வரி, சாப்பாட்டு மேசையில் கிடக்கும் போனில் மின்னினால் போதும். தளத்தின் உள்ளே போய் அவற்றை நிறுத்துங்கள், வேலைக்கென்று தனி மெயில் வையுங்கள்.

அந்த இலவச மூன்று நாளை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்களா? ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். பணம் தானாகப் போகும்படி யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பிலும் ஒரு தடவை பாருங்கள். பணம் போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் ரீஃபண்ட் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆப் தயாரித்தவரிடம்தான் மல்லுக்கட்ட வேண்டும். ரத்து செய்வதை வேண்டுமென்றே சிக்கலாக்குவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ஐபோனில் ஒரு ஆப்பை ‘ஹைட்’ செய்தேன். ஆனாலும் பயன்பாட்டு நேரம் காட்டும் ஸ்க்ரீன் டைமில் அதன் பெயர் வருகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: வரும். ஐஓஎஸ் 18இல் வந்த இந்த வசதி ஐகானையும் நோட்டிஃபிகேஷனையும் மறைக்கிறது, திறக்க ஃபேஸ் ஐடி கேட்கிறது. பயன்பாட்டுக் கணக்கை மறைப்பதில்லை. ஸ்க்ரீன் டைம், பேட்டரி, ஆப் ஸ்டோரில் வாங்கிய பட்டியல் ஆகியவற்றில் பெயர் தெரியலாம். ஸ்க்ரீன் டைமில் கீழே போய் ‘ஆப் அண்ட் வெப்சைட் ஆக்டிவிட்டி’யை அணைத்துவிடுங்கள். அதை வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் ‘ஷேர் அக்ராஸ் டிவைசஸ்’ மட்டுமாவது அணையுங்கள். வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் ஐபேட் உங்கள் ஆப்பிள் கணக்கில் ஓடினால், எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது அங்கேயும் தெரியும்.