டாவோவில் வாசலுக்கு வந்த நாய் கடித்துவிட்டது: துரத்தலாமா, வளர்க்கலாமா?

கேள்வி: பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறோம். வாடகை வீட்டு வாசலில் வந்து படுக்கும் தெருநாய்க்கு மூன்று மாதமாகச் சோறு வைக்கிறோம். நேற்று மாலை விளையாட்டில் தோழியின் விரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா பூண்டை நசுக்கித் தேய்த்தார். பக்கத்து வீட்டார் நாயைத் துரத்தச் சொல்கிறார்கள். எங்களுக்கோ வளர்க்க ஆசை.

பதில்: துரத்தவே துரத்தாதீர்கள். ஆனால் முதலில் விரலைப் பார்ப்போம்.

பூண்டு வைப்பதும், கொம்பை வைத்து 'விஷம் எடுக்கும்' தாண்டோக்கும் அங்கே பழைய பழக்கம். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் பூண்டின் காரம் புண்ணைக் கொப்புளிக்க வைக்குமே தவிர ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். அந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, கட்டுப் போடாமல் விடுங்கள்.

ரத்தம் வந்ததால் இது மூன்றாம் வகைக் கடி, அதாவது மிகத் தீவிரமான வகை. இன்றே விலங்குக்கடி சிகிச்சை மையத்தில் தடுப்பூசி தொடங்குவதோடு, காயத்துக்குள்ளும் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசியும் போட வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காப்பது இந்த இம்யூனோகுளோபுலின்தான்.

இனி நாய். 14 நாள் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கட்டும். எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாய் சில நாளிலேயே நோயில் விழுந்து செத்துப்போகும். 14 நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை. துரத்திவிட்டால் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வேலி அடைத்த முற்றத்தில் விட்டு, ஒரே ஆள் தொடாமல் சோறு வைக்கட்டும். குரல் மாறுவது, கீழ்த்தாடை தொங்குவது, எச்சில் ஒழுகுவது, பின்னங்கால் தடுமாறுவது என எது தெரிந்தாலும் நகரக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இந்த 14 நாளில் நாய்க்கு ரேபிஸ் ஊசி போட வேண்டாம். ஊசியால் வந்த சோர்வா, நோயா என்று குழம்பிவிடும்.

"சோறுதானே வைத்தோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. 2007-ஆம் ஆண்டின் ரேபிஸ் ஒழிப்புச் சட்டப்படி நாயைப் பராமரிப்பவரும் உரிமையாளரே. கடித்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அதாவது இன்றைக்கே. கண்காணிப்புக்கு மறுத்தால் 10,000 பெசோ அபராதம்.

பதினைந்தாம் நாள் ரேபிஸ் ஊசி, நகரப் பதிவு, கருத்தடைக்கு நாள் குறிப்பது. ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். வெளியே கயிறில்லாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் 500 பெசோ அபராதம். மிஞ்சிய அடோபோ என்ற இறைச்சிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது அங்கே வழக்கம். அதிலுள்ள பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். வெறும் சோறும் எலும்பில்லாத கோழியும் போதும்.

'அஸ்கால்', அதாவது தெருநாய், என்று இளக்காரமாகச் சொன்ன நாய்களை இன்று 'ஆஸ்பின்', பிலிப்பைன்ஸ் நாய், என்று பெருமையாகச் சொல்கிறார்கள். உங்கள் மிண்டனாவோ தீவின் சம்போவாங்கா நகரில் 2011-இல் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே பாய்ந்து இரண்டு சிறுமிகளைக் காத்து, மேல்தாடையை இழந்த கபாங் என்ற நாயும் ஓர் ஆஸ்பின்தான்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது நாயைக் கைவிடுவது அங்கே குற்றம். யாரிடம் விட்டு வருவது என்பதை இப்போதே வீட்டுக்கார அம்மாவிடம் பேசுங்கள்.