லேபிள் தாளுக்கு ஏற்ற டெம்ப்ளேட்: வேர்டில் தேடுவதும் திருத்துவதும்

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழு ஏப்ரல் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிக்காக 180 அழைப்பிதழ்களை அஞ்சலில் அனுப்புகிறது. அக்கம்பக்கக் கடையில் வாங்கிய லேபிள் கட்டில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ஏ4 தாள், தாளுக்கு 21 லேபிள். வேர்டில் இதற்கு டெம்ப்ளேட் உண்டா? நானே கட்டம் போட்டு அச்சிட்டேன். முதல் வரிசை சரியாக விழுகிறது, கீழே போகப் போக எழுத்து அடுத்த லேபிளில் ஏறிவிடுகிறது. (தெம்பனிஸ் வாசகி)

பதில்: எல்லா வரிசையும் ஒரே அளவு தள்ளி விழுந்தால் மேல் ஓர அளவில் தவறு. உங்களுக்கு நேர்வதுபோல் வரிசைக்கு வரிசை விலகல் கூடினால், ஒரு லேபிளின் மேல் விளிம்பிலிருந்து அடுத்ததன் மேல் விளிம்புவரை உள்ள தூரத்தில்தான் தவறு. அது 1 மி.மீ. பிசகினால் ஏழாவது வரிசையில் 6 மி.மீ. ஆகிவிடும்.

டெம்ப்ளேட் உண்டு. மெயிலிங்ஸ், லேபிள்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போங்கள். 'லேபிள் வெண்டர்ஸ்' பட்டியலில் பலர் சறுக்குவது அமெரிக்க லெட்டர் அளவைத் தேர்ந்தெடுத்துத்தான். அந்தத் தாளின் உயரம் 279.4 மி.மீ., நம் ஏ4 தாளுக்கு 297. 'ஏவரி ஏ4/ஏ5' என்பதைத் தேர்ந்து, அதில் எல்7160 எண்ணைப் பாருங்கள். பெயரில்லாத 21 லேபிள் தாள்கள் பலவும் இந்த அளவில்தான் வருகின்றன: அகலம் 63.5, உயரம் 38.1 மி.மீ., குறுக்கே 3, கீழ்நோக்கி 7.

ஆனாலும் அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். ஒரே ஒரு லேபிளை அளந்தால் கண் ஏமாற்றும். முதல் வரிசையின் மேல் விளிம்பிலிருந்து ஏழாவது வரிசையின் மேல் விளிம்புவரை ஸ்கேல் வைத்து அளந்து 6-ஆல் வகுங்கள். 228.6 மி.மீ. வந்தால் 38.1, எல்7160 பொருந்தும். வேறாக வந்தால் அதே பெட்டியில் 'நியூ லேபிள்' அழுத்தி, நீங்கள் கண்ட தூரத்தை 'வெர்டிகல் பிட்ச்' கட்டத்தில் போடுங்கள். பக்கவாட்டுத் தூரத்தையும் ஓரங்களையும் அப்படியே அளந்து போட்டு, தாளை ஏ4 ஆக்கி, ஒரு பெயர் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டும் உதவும்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் அச்சில் சுருங்கினால், பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட் டு பேஜ்' இயங்குகிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டு 100 விழுக்காட்டில் அச்சிடுங்கள். முதலில் சாதாரணத் தாளில் ஒன்று எடுத்து, லேபிள் தாளுக்கு மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதை மட்டும் தவறவிடவே வேண்டாம்.

முகவரிகள் எக்ஸெலில் இருந்தால் மெயில் மெர்ஜ் (பட்டியலில் உள்ள முகவரிகளை வேர்டே லேபிள்களில் நிரப்பும் வசதி) செய்யுங்கள். முதல் லேபிளை அமைத்த பிறகு 'அப்டேட் லேபிள்ஸ்' அழுத்த மறந்தால் மற்ற 20 லேபிளிலும் அந்த அமைப்பு வராது. அதைவிட முக்கியம், நம் சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். நகர மையத்தில் சுழியத்தில் தொடங்கும் குறியீடுகள் நிறைய, எக்ஸெல் அவற்றை எண்ணாக எடுத்துக்கொண்டு முன் சுழியத்தை விழுங்கிவிடும். எக்ஸெலில் குறியீடு உள்ள பத்தியை (காலம்) ஏறுவரிசையில் அடுக்கினால் ஐந்து இலக்கக்காரர்கள் மேலே வந்து நிற்பார்கள். பிறகு பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றி, அவற்றுக்குச் சுழியத்தைத் தட்டிச் சேருங்கள். அழைப்பிதழ் தவறான வாசலுக்குப் போனால் ஓர் உறுப்பினருக்கு மனக்குறை.

பெயர்களைத் தமிழில் அச்சிடுவீர்கள் என்றால், 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் மேல் வளைவு வெட்டுப்படாமல் பாருங்கள். வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருந்தால் அது நடக்கும். 'சிங்கிள்' ஆக்கி, நிர்மலா எழுத்துருவில் 10 புள்ளி வைத்தால் ஐந்து வரி வசதியாக அமரும்.

180 முகவரிக்கு ஒன்பது தாள் போகும், கடைசித் தாளில் ஒன்பது லேபிள் மிஞ்சும். சில லேபிள் உரித்த அந்தத் தாளை லேசர் அச்சுப்பொறியில் மறுபடி விடாதீர்கள், உள்ளே சூட்டில் பசை உருகி ஒட்டிக்கொள்ளும். மிஞ்சியவற்றில் கையால் எழுதுங்கள். பிரிக்காத தாள்களை ஜிப் பையில் போட்டு வையுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் ஓரம் சுருண்டுவிடும்.